திங்கட்கிழமைக் கூட்டம் மதியம் வரை நீள்கிறது, முடிவுகளோ வருவதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: ஹட்டன் நிர்வாக உத்தியோகத்தர்

வணக்கம். ஹட்டனில் இயங்கும் ஒரு சிறிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருக்கிறேன். தோட்டப் பகுதிகளில் முன்பள்ளி, குடிநீர், வீட்டுத்தோட்டம் என மூன்று வேலைத்திட்டங்களை நடத்துகிறோம். அலுவலகத்திலும் களத்திலுமாகப் பதினாறு பேர் வேலை செய்கிறோம். எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பற்றி அனுபவமுள்ளவர்களிடம் யோசனை கேட்கவே இதை எழுதுகிறேன்.

கூட்டம் காலை 9 மணிக்கு என்று சொல்லியிருந்தாலும், மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள் வந்து சேர 9.30 ஆகிவிடுகிறது; தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் பிந்துகிறது. அவர்களுக்காக முதலில் பேசியதைத் திரும்பச் சொல்கிறோம். அதன்பின் கள உத்தியோகத்தர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கடந்த வாரம் எங்கெங்கே போனார்கள், யார் யாரைச் சந்தித்தார்கள் என்று சொல்ல, ஏனையோர் தத்தம் முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். முடியும்போது மதியம் 1 மணி. பதினாறு பேர் நான்கு மணித்தியாலம் இருந்தால் 64 மணித்தியாலங்கள். அதாவது ஒருவருடைய எட்டு நாள் வேலை ஒவ்வொரு வாரமும் அந்த அறைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு மனம் கனத்துவிட்டது. அந்த எட்டு நாட்களும் முன்பள்ளிகளுக்கும் லயங்களுக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கும்) சேர வேண்டிய நாட்கள்.

நேரம் போவதைவிட, முடிவு வராமல் போவதே என்னை அதிகம் வருத்துகிறது. ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் குடிநீர்த் தாங்கி கட்டுவதற்குத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி தேவைப்பட்டது. துரையை (தோட்ட முகாமையாளரை) போய்ப் பார்க்க வேண்டும் என்று அடுத்தடுத்து மூன்று கூட்டங்களில் பேசினோம். மூன்று தடவையும் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். யார் போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அனுமதி கிடைத்தபோது மழை பிடித்துவிட்டது, குழாய் பதிக்கக் கான் (வாய்க்கால்) வெட்ட முடியவில்லை, அந்த லயங்களின் பெண்கள் இன்னமும் பீலியிலிருந்தே (ஊற்றுநீர் விழும் இடத்திலிருந்தே) குடத்தில் தண்ணீர் சுமக்கிறார்கள். அதே மாதத்தில், அலுவலகத் தேநீர்ச் செலவை எப்படிப் பங்கிடுவது என்று முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறோம்.

எங்கள் பணிப்பாளர் நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் எந்த விடயத்தையும் தம் கருத்தைச் சொல்லியே தொடங்குவார். அதன்பின் "சேர் சொல்வது சரி" என்பதைத் தவிர வேறு பேச்சு எழுவதில்லை. எங்களோடு வேலை செய்யும் இரண்டு சிங்களச் சகோதரர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் காதோடு மொழிபெயர்த்துச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. நான் எழுதும் ஆறு பக்கக் கூட்ட அறிக்கையை யாரும் வாசிப்பதில்லை. எதிலிருந்து தொடங்குவது?

மறுமொழி 1: பண்டாரவளை கூட்டுறவுச் செயலாளர்

சகோதரி, தேநீர்ச் செலவுக்காக நொந்துகொள்ள வேண்டாம்; அது உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உள்ள குறையன்று. பிரித்தானிய வரலாற்றாசிரியர் நோர்த்கோட் பார்க்கின்சன் 1957 இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு நிதிக் குழு பெருந்தொகை செலவாகும் அணு உலையைச் சில நிமிடங்களில் ஏற்றுக்கொண்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைப் பற்றி நீண்ட நேரம் விவாதிப்பதாக அவர் ஓர் உதாரணத்தைக் காட்டினார். உலையைப் பற்றிப் பேச அங்கிருந்தவர்களுக்கு அறிவு போதாது. கொட்டகையைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆகவே நிகழ்ச்சி நிரலில் சிறிய விடயங்களைச் சேர்க்கவே கூடாது. தேநீர்ச் செலவை ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் செய்வதை ஏற்றுக்கொள்வதாக ஒரு தடவை முடிவெடுத்தால் அது அத்தோடு முடிந்தது.

எங்கள் சங்கத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கூட்டங்களுக்கு நிரல் தயாரித்தவன் என்ற முறையில், நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். நிரலில் "குடிநீர்த் திட்டம்" என்று எழுதினால் அதைப் பற்றி எவரும் எதையும் பேசலாம். பேசி முடிந்ததா என்று அறியவும் வழியில்லை. அதையே "மேற்பிரிவுத் தாங்கிக்கான அனுமதியைக் கேட்கத் துரையிடம் யார் போவது, எந்தக் கிழமைக்குள் போவது?" என்று கேள்வியாக எழுதிப் பாருங்கள். விடை கிடைத்தவுடன் பேச்சு தானாகவே நின்றுவிடும். கேள்வியாக எழுத முடியாத விடயம் கூட்டத்துக்கு உரியதன்று. அதை ஒரு கடதாசியில் எழுதிச் சுற்றுக்கு விட்டால் போதும்.

பழைய கூட்டுறவு முறையில் ஒருவர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதிக்க, அதன்பின்பே முடிவு புத்தகத்தில் ஏறும். இளைஞர்கள் இதை வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். ஆனால் பிரேரித்தவருக்குப் பெயர் உண்டு, வாக்கியத்துக்கு வடிவம் உண்டு. உங்கள் மூன்று கூட்டங்களிலும் இல்லாமற்போனவை இவ்விரண்டுமே. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்று எவருடைய வேலையாகவும் ஆகவில்லை. ஆறு பக்க அறிக்கையை விட்டுவிட்டு, என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் என்று மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஒரே பக்கத்தை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை மட்டும் உரக்க வாசியுங்கள். தம் பெயர் சபையில் வாசிக்கப்படும் என்று தெரிந்த மனிதர் வேலையைச் செய்துவிட்டே வருவார்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். பஸ் 9.30க்குத்தான் வரும் என்றால் கூட்டம் 10 மணிக்கு என்று வைத்து, 10 மணிக்கே தொடங்குங்கள். 9 என்று சொல்லிவிட்டு 9.30க்குத் தொடங்குவது நேரத்துக்கு வந்தவரைத் தண்டிப்பதாகும்.

மறுமொழி 2: தலவாக்கலை டீமேக்கர் (தேயிலைத் தயாரிப்புப் பொறுப்பாளர்)

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு நீண்ட கூட்டம் வைக்க முடியாது. வாட்டத் தொட்டியில் கிடக்கும் கொழுந்தும் சரி, ரோலரிலிருந்து இறங்கி நிறம் மாறிக்கொண்டிருக்கும் தூளும் சரி, நாங்கள் பேசி முடிக்கும்வரை காத்திராது. அரை மணி நேரம் பிந்தி அடுப்புக்குப் போனால் அந்தத் தேயிலையின் குணம் கெட்டுவிடும். ஆகவே வேலை முறை (ஷிப்ட்) மாறும்போது நின்றுகொண்டே பத்து நிமிடம் பேசுவோம்: எந்தத் தொட்டியில் கொழுந்து எவ்வளவு வாடியிருக்கிறது, எந்த இயந்திரம் சத்தம் போடுகிறது, யார் இன்று வரவில்லை. புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போய்விடுவோம்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே பெரட்டுக்களத்தில், அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் களத்தில், நடந்து வருவதுதான். விடியலில் தப்பு மேளச் சத்தம் கேட்டு எழுந்து, பனிக்குள் கூடி நின்று, எந்த மலைக்குக் கொழுந்துக்குப் போவது, எந்த மலையில் புல்லு வெட்டுவது, கவ்வாத்துக்கு (தேயிலைச் செடியை வெட்டிவிட) யார் யார் என்று கேட்டுக்கொண்டு கலைந்துவிடுவார்கள். கலையும்போது அன்றைய வேலை எதுவென்று அறியாதவர் ஒருவரும் அந்தக் களத்தில் இருப்பதில்லை. உங்கள் நான்கு மணி நேரக் கூட்டம் முடியும்போது அப்படிச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

நின்று பேசுவதால் தீர்மானம் அவசரப்பட்டுப் பிழைத்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து பேர் கொண்ட 111 குழுக்களை வைத்துச் சோதித்து 1999 இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்து பேசிய குழுக்கள் நின்று பேசிய குழுக்களைவிட 34 வீதம் கூடுதலான நேரம் எடுத்தன. தீர்மானங்களின் தரத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. நான் சொல்ல வருவது, உங்கள் கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்பதே. வாரத்தின் வேலையைப் பங்கிடும் பேச்சைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்றபடி முடியுங்கள். அலசிப் பார்க்க வேண்டிய கேள்விகளுக்கு மட்டும் உட்காருங்கள். அதற்கும் அந்த விடயத்தோடு தொடர்புள்ள நாலைந்து பேர் போதும். முன்பள்ளி ஆசிரியைக்குக் குழாயின் விட்டத்தைப் பற்றிய பேச்சில் என்ன வேலை?

மறுமொழி 3: மஸ்கெலியா கள இணைப்பாளர்

டீமேக்கர் ஐயா சொன்ன நேரக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெரட்டுக்களத்தை ஒரு நல்ல கூட்டத்துக்கு முன்மாதிரியாகக் கொள்வதில் எனக்கு ஆழ்ந்த மறுப்பு உண்டு. அதைப் பணிவோடும் விரிவாகவும் சொல்ல விரும்புகிறேன்.

என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். பெரட்டுக்களத்தில் அவர் ஒரு நாளும் வாய் திறந்து பேசியதில்லை. பிந்திப் போன நாட்களில் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். பறித்த கொழுந்து நிறையில் குறைந்த நாட்களில் அரைப்பேர் (அரை நாள் கூலி) போட்டிருக்கிறார்கள். எந்த மலையில் குளவிக்கூடு இருக்கிறது, எந்தச் சரிவு மழையில் வழுக்கும், எந்த இடத்தில் கொழுந்து முற்றிவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அதைக் கேட்க அந்தக் களத்தில் இடமில்லை. கட்டளை மேலிருந்து கீழே வந்தது, எல்லோரும் கலைந்தார்கள். அது குறுகிய நேரத்தில் முடிந்ததற்குக் காரணம் அதில் ஒருவர் மட்டுமே பேசியதுதான்.

"சேர் சொல்வது சரி" என்று உங்கள் அலுவலகத்தில் எழும் குரல் அந்தக் களத்திலிருந்து வந்த குரல் என்றே எனக்குப் படுகிறது. எங்களிற் பலர் படித்து உத்தியோகத்துக்கு வந்துவிட்டாலும், மேலே இருப்பவர் பேசிய பின் மறுத்துப் பேசக்கூடாது என்ற அடக்கம் உடம்போடு ஊறிக் கிடக்கிறது. ஆகவே கூட்டத்தைச் சுருக்குவதற்கு முன் பேசும் ஒழுங்கை மாற்றுங்கள். பணிப்பாளர் கடைசியாகப் பேசட்டும். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும். முதலில் பேசக் கூச்சமாக இருந்தால், கேள்வியை வாசித்தவுடன் ஐந்து நிமிடம் எல்லோரும் அவரவர் விடையை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதட்டும். பிறகு அதைப் பார்த்துப் பேசலாம். எங்கள் பெண்கள் குழுக்களில் இந்த முறையைச் செய்து பார்த்திருக்கிறேன். எழுதிய பின் வாசிப்பது, திடீரென்று எழுந்து பேசுவதைவிட மிகவும் எளிதாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கள உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் நீளமாக அறிக்கை சொல்வதை வீண் நேரமென்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வாரம் முழுவதும் தனியாக ஏறி இறங்கி, அட்டைக் கடியோடும் நனைந்த சப்பாத்தோடும் திரும்பி வரும் ஒருவருக்கு, தன் வேலையைச் சக பணியாளர்கள் செவிமடுக்கும் ஒரே நேரம் அந்தத் திங்கட்கிழமைதான். அதை வெட்டினால் கூட்டம் சுருங்கும், மனமும் சேர்ந்து சுருங்கும். அறிக்கையை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆனால் அதை உண்மையிலேயே வாசியுங்கள், வாசித்ததற்கு அடையாளமாக ஒரு கேள்வியாவது கேளுங்கள். அமேசான் நிறுவனத்தில் 2004 ஆம் ஆண்டு முதல் மேல்மட்டக் கூட்டங்களில் திரைக்காட்சிகளைக் கைவிட்டு, வாக்கியங்களாக எழுதப்பட்ட குறிப்பை எல்லோரும் கூட்டத்தின் தொடக்கத்தில் மௌனமாக வாசிப்பதை வழக்கமாக்கினார்கள். முன்கூட்டியே அனுப்பினால் பலர் வாசிக்காமல் வருவார்கள் என்பதால் அறைக்குள்ளேயே வாசிக்கிறார்கள். சிக்னல் கிடைக்காத பிரிவுகளில் தங்கியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

கேட்டவரின் பதில்: ஹட்டன் நிர்வாக உத்தியோகத்தர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மஸ்கெலியா அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். அறிக்கை சொல்லும் நேரத்தை முழுவதுமாக நீக்கிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். இப்போது அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எழுதி வாசிப்பதென்றால் எந்த மொழியில்? எங்கள் சிங்களச் சகோதரர்கள் இருவருக்கும் தமிழ் ஓரளவு விளங்கும், ஆனால் வாசிக்க வராது. எல்லாவற்றையும் இரு மொழியிலும் செய்தால் நேரம் இரண்டு மடங்காகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 4: நுவரெலியா அபிவிருத்தி உத்தியோகத்தர்

இதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், ஏனென்றால் அந்த அறையின் மறுபக்கத்தில் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். 1987 இல் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது; நுவரெலியா உட்பட மலையகத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டும் இருக்கின்றன. ஆயினும் நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் நிரலும் பேச்சும் அறிக்கையும் சிங்களத்தில் மட்டுமே இருந்தன. எனக்குச் சிங்களம் பேச வரும். ஆனால் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விடயத்துக்குத் தாவிவிடும். தோட்டத்து வீதியொன்றைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல முடியாமலே ஒரு கூட்டம் முடிந்தது. அந்த வீதிக்கான பணம் அந்த வருடம் வேறிடத்துக்குப் போனது.

அதை நான் மறக்கவில்லை. ஆகவேதான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அங்கே எங்களுக்கு நேர்ந்தது உங்கள் அறையில் அந்த இருவருக்கு நேர வேண்டாம். காதோடு சொல்லும் மொழிபெயர்ப்பில் அவர்கள் எப்போதும் ஒரு வாக்கியம் பின்தங்கியே இருப்பார்கள். பேசத் தொடங்கும்போது விடயம் முடிந்திருக்கும்.

நேரம் இரண்டு மடங்காகாது. பேச்சு முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டிய தேவையில்லை. செயலாளர் ஐயா சொன்னபடி நிரலைக் கேள்விகளாக எழுதினால் அது ஏழெட்டு வாக்கியங்கள்தான். அவற்றை முதல் நாளே இரு மொழியிலும் எழுதிவிடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் முடிவு எட்டியவுடன் அந்த ஒரு வாக்கியத்தைச் சிங்களத்தில் உரக்கச் சொல்லி, அவர்கள் இருவரும் உடன்படுகிறார்களா என்று கேட்ட பிறகே அடுத்த கேள்விக்குப் போங்கள். அவர்கள் சிங்களத்தில் பேசட்டும், நீங்கள் தமிழில் பேசுங்கள்; மற்றவரின் மொழியைக் கேட்டு விளங்கிக்கொள்வது, பேசுவதைவிட எல்லோருக்கும் எளிது. உரைபெயர்க்கும் பொறுப்பை ஒரே ஆளின் தலையில் கட்டாமல் வாரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். உரைபெயர்ப்பவரால் தம் சொந்தக் கருத்தைப் பேச முடியாமல் போய்விடும் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

எங்கள் இப்போதைய அலுவலகத்தில் முடிவை இரு மொழியில் சொல்லத் தொடங்கிய பின் இன்னொரு நன்மையும் கிட்டியது. மொழிபெயர்க்க முடியாத அளவுக்குத் தெளிவற்றிருந்த முடிவுகள் அந்த இடத்திலேயே பிடிபட்டன. "ஆவன செய்தல்" என்ற சொற்றொடரை எப்படிப் பெயர்ப்பது என்று உரைபெயர்த்தவர் கேட்டபோது, என்ன செய்வது என்று நாங்கள் இன்னும் முடிவெடுக்கவே இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது.

கேட்டவரின் பதில்: ஹட்டன் நிர்வாக உத்தியோகத்தர்

இரண்டு திங்கட்கிழமைகள் கழிந்தபின் எழுதுகிறேன்.

உங்கள் மறுமொழிகளைத் தாளில் அச்சிட்டுப் பணிப்பாளரிடம் கொடுத்தேன். பெரட்டுக்களத்தைப் பற்றி அக்கா எழுதிய பகுதியை வாசித்துவிட்டு அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அடுத்த கூட்டத்தில் தாம் கடைசியாகவே பேசுவதாக அவராகவே அறிவித்தார். இரண்டு தடவை மறந்து முதலில் பேசத் தொடங்கி, பின்னர் தாமே நிறுத்திக்கொண்டார்.

முதல் வாரம் 10 மணிக்குத் தொடங்கி 12.15க்கு முடித்தோம்; இரண்டாம் வாரம் 11.40க்கே முடிந்தது. நிரலில் ஆறு கேள்விகள் இருந்தன, இரு மொழியிலும். அறிக்கைகளை முதல் கால் மணி நேரம் மௌனமாக வாசித்தோம். மூன்று பேர் எழுதி வரவில்லை. அவர்களுக்கு எழுத்து வேலை பாரமாக இருக்கிறது என்று விசாரித்தபோது தெரிந்தது. ஆகவே அவர்கள் வாய்மொழியாகச் சொல்ல, நான் வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்வதாக ஏற்பாடு செய்திருக்கிறோம். கூட்டத்தை முழுவதும் நின்றபடி நடத்துவது எங்கள் மூத்த உத்தியோகத்தர் ஒருவரின் முழங்கால் வலிக்கு ஒத்துவராது என்பதால் டீமேக்கர் ஐயாவின் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தாங்கி, முன்பள்ளி ஆகிய விடயங்களை அந்தந்தக் குழு தனியாகப் பேசுவது என்று பிரித்துவிட்டோம்.

சிங்களச் சகோதரர்களில் ஒருவர் இரண்டாம் வாரம் குடிநீர்க் கேள்வியில் முதன்முறையாக நீளமாகப் பேசினார். அவர் கட்டட வேலை தெரிந்தவர். மழை விடும்வரை கான் வெட்டக் காத்திருக்க வேண்டியதில்லை, பாதையோரமாகப் பழைய கானொன்று இருக்கிறது, அதைத் துப்புரவாக்கினால் குழாயைத் தற்காலிகமாக அதன் வழியே கொண்டு போகலாம் என்றார். அந்தக் கான் அங்கே இருப்பது எங்களில் வேறு ஒருவருக்கும் தெரியாது. அதைப் பயன்படுத்தத் தோட்ட நிர்வாகத்திடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். முடிவுப் பக்கத்தில் அந்த வரிக்கு நேரே அவருடைய பெயரும் என் பெயரும் இருக்கின்றன. வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் துரையைப் பார்க்கப் போகிறோம்.